கூட்டத்துக்கு என்னை அழைத்திருக்கிறார்கள்: மாமியாரை யாரிடம் விட்டுப் போவது, போய் எதைப் பேசுவது?

மேல் டிவிஷன் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அட்டன் – பொகவந்தலாவை வீதியிலிருந்து மேலே ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிஷன் லயத்தில் (வரிசை வீட்டில்) இருக்கிறேன். மாமியாருக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சீனி வருத்தமும் பிரஷரும் அதற்கு முன்பே இருந்தவை. இப்போது இன்சுலினும் ஏற்றுகிறோம். கணவருக்குக் கொழும்பில் ஒரு சாமான் கடையில் வேலை. கொழுந்து மலைக்குப் போய்க்கொண்டிருந்த நான் வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கிறேன்.

போன வாரம் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் (மிட்வைஃப்) பிள்ளைக்காம்பராவுக்கு (தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் இடம்) வந்தபோது என்னைக் கூப்பிட்டார். வீட்டில் நோயாளரையும் முதியோரையும் பார்த்துக்கொள்ளும் சொந்தக்காரர்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்களாம். பிரதேச செயலகத்தில் கூட்டம். சுகாதார வைத்திய அதிகாரியும் சமூக சேவை உத்தியோகத்தரும் இருப்பார்களாம். "நீங்கள் நன்றாகப் பேசுவீர்கள், உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன்" என்றார். மகிழ்ச்சிதான். ஆனால் கூட்டம் ஒரு புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, டவுனில். வீட்டில் படுக்கையாகக் கிடப்பவரைப் பார்த்துக்கொள்பவர்களைக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் வந்துவிட்டால் படுக்கையில் இருப்பவரை யார் பார்ப்பார்கள் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது.

எதைப் பேசுவது என்பது அடுத்த கவலை. பேச வேண்டியது மலையளவு இருக்கிறது. கிளினிக் நாளை மட்டும் சொல்கிறேன், பாருங்கள். எங்கள் லயத்திலிருந்து வீதிக்கு இறங்கக் கொங்கிரீட் படிகள். பாதிப் படிகள் உடைந்து பாசி பிடித்திருக்கின்றன. மாமியாரைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, நான்கு ஆண்கள் தூக்கித்தான் இறக்க வேண்டும். அந்த நால்வரும் பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் பதியும் இடம்) போகுமுன் வேலையை முடிக்க வேண்டும். அதனால் விடியுமுன்பே இறங்கிவிடுகிறோம். பஸ் வருவதோ ஏழரைக்கு மேல். அதுவரை பஸ் தரிப்பிடத்தில் பனியில் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கிளினிக்கில் நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வரிசையில் நின்று முடிக்க மதியமாகிவிடும். திரும்பி வந்தால் தூக்க ஆள் இல்லை. ஆண்கள் மலையிலிருந்து நாலரைக்குத்தான் வருவார்கள். அதுவரை கீழே கடை வாசலில் காத்திருக்க வேண்டும். கடைக்கார முதலாளி நல்ல மனிதர், ஒரு வாங்கு போட்டுக் கொடுப்பார். இதெல்லாம் அநேகமாகப் போன மாதம் கொடுத்த அதே மருந்துகளை வாங்குவதற்குத்தான்.

வைத்தியசாலையிலிருந்து டிக்கெட் வெட்டி அனுப்பிய நாளையும் சொல்ல வேண்டும். காலையில் வார்டுக்குப் போனேன், "இன்றைக்கு வீட்டுக்குக் கொண்டு போகலாம்" என்றார்கள். எப்படிப் புரட்டுவது, எப்படி உட்காரவைப்பது, சாப்பாடு புரைக்கேறாமல் எப்படிக் கொடுப்பது, ஒன்றும் காட்டவில்லை. கையில் டயக்னோசிஸ் கார்டும் சிங்களத்தில் அச்சடித்த ஒரு தாளும். இடுப்பில் புண் வந்த பிறகுதான் இரண்டு மணிக்கொரு தடவை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும் என்று அடுத்த லயத்து அக்கா ஒருவர் சொல்லிக் கொடுத்தார். அவர் தன் தாயைப் பார்த்தவர்.

இவற்றில் எதைச் சொல்வது? எப்படிச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள்? போவதில் பயன் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மஸ்கெலியா பொடியன் எழுதியது:

அக்கா, கோபிக்காதீர்கள், இந்தக் கூட்டங்களை எனக்குத் தெரியும். மங்கள விளக்கேற்றுவார்கள், வரவேற்புரை, தலைமையுரை, அப்புறம் ஒரு ஸ்லைடு. "இப்போது உங்கள் கருத்துகளைச் சொல்லலாம்" என்னும்போது பன்னிரண்டரை ஆகியிருக்கும். தேத்தண்ணீர், பட்டிஸ், போட்டோ. அன்று இரவே முகநூலில் போட்டுவிடுவார்கள்.

ஆனாலும் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வாயால் சொன்னதோடு விட்டுவிட்டு வராதீர்கள். ஒரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டக் குறிப்பு எப்போது கிடைக்கும் என்று எல்லோர் முன்னாலும் கேளுங்கள். சில மாதம் கழித்து ஒன்றும் நடக்கவில்லையென்றால் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்கு, "இன்ன திகதியில் நடந்த கூட்டத்தின் குறிப்பையும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையையும் தாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தால், தருகிறோமா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக்கூடாது. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அதிகாரியே எழுதிக்கொள்ள வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் பாதைக்கு இதைப் பாவித்தோம். பாதை உடனே வந்துவிடவில்லை. ஆனால் "அப்படி ஒரு கோரிக்கையே வரவில்லை" என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

தொழிற்சங்கத் தலைவர்மாரிடம் தாளைக் கொடுத்துவிட்டு அவர்கள் பேசுவார்கள் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அவர்களுக்குச் சம்பளப் பிரச்சினை பேசத் தெரியும். படுக்கைப் புண்ணைப் பற்றிப் பேசத் தெரிந்த தலைவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஓய்வுபெற்ற மிட்வைஃப் எழுதியது:

மகள், நான் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். நுவரெலியா மாவட்டத்திலும் பதுளை மாவட்டத்திலும் தோட்டப் பகுதிகளில்தான் என் காலம் போனது. மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதிகாரிகள் ஒன்றும் செய்யாமல் போவதற்கு எப்போதும் மனமின்மை காரணமல்ல. பல சமயம் கேட்ட விஷயம் கேட்கப்பட்டவரின் கையில் இருக்காது. "வீதி சரியில்லை, மருந்து இல்லை, டாக்டர் இல்லை, உதவிப்பணம் வரவில்லை" என்று ஒரே மூச்சில் சொன்னால், நான்கும் தன்னுடையதல்ல என்று சுகாதார வைத்திய அதிகாரி தலையை ஆட்டிவிட்டு இருந்துவிடுவார். பொய்யும் சொல்லியிருக்க மாட்டார்.

எது யார் கையில் என்று பாருங்கள். வெளிக்களக் கிளினிக்கை எங்கே, எந்த நாளில் வைப்பது என்பது சுகாதார வைத்திய அதிகாரியின் கையில் இருக்கிறது. பிள்ளைக்காம்பராவில் நிறை பார்ப்பதும் திரிபோஷா சத்துமா கொடுப்பதும் அவருடைய ஏற்பாடுதான். வைத்தியசாலைக் கிளினிக்கில் யாரை முதலில் கூப்பிடுவது, எத்தனை நாளுக்கு மருந்து கொடுப்பது என்பதெல்லாம் அந்த வைத்தியசாலையின் பொறுப்பு டாக்டருடைய விஷயம். ஆளணி, இடமாற்றம் என்று வந்தால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு மேலே போக வேண்டும். தோட்ட டிஸ்பென்சரி இன்னும் நிர்வாகத்திடம் இருந்தால் துரையிடம் (தோட்ட மனேஜரிடம்) பேச வேண்டும். தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது, பல அப்படியே இருக்கின்றன. முதியோர் அடையாள அட்டை, முதியோர் சங்கம், அங்கவீனர் உதவி எல்லாம் பிரதேச செயலகம். உங்கள் படிக்கட்டு தோட்ட நிர்வாகமா, பிரதேச சபையா என்று இழுபடும். ஒரு காலத்தில் சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் குறுக்கே நின்றது. 2018இல் அதைத் திருத்தினார்கள். ஆகவே "சட்டம் இடம் தராது" என்று இப்போது யாராவது சொன்னால் அது பழைய பல்லவி.

மருந்தைப் பற்றி ஒன்று நினைவுபடுத்துகிறேன். 2020இல் கொரோனா ஊரடங்கு போட்டபோது அரச வைத்தியசாலைக் கிளினிக் நோயாளரின் மருந்தைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளினிக் கொப்பியையும் தொலைபேசி இலக்கத்தையும் வைத்துக்கொண்டே செய்தார்கள். நோயாளி நேரில் வந்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை என்று யாராவது சொன்னால் இதை மெதுவாக எடுத்து வையுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். நடந்த காரியத்தை நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீங்கள் வருத்தப்படக்கூடாது. "மிட்வைஃப் வந்து படுக்கை நோயாளரையும் பார்க்கட்டும்" என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் பகுதிப் பெண்ணுக்குக் கர்ப்பிணிகள், பிரசவமான வீடுகள், கைக்குழந்தைகள், நிறை, தடுப்பூசி என்று மலை மலையாக ஏறி இறங்கவே பொழுது போதாது. அவள்தான் உங்கள் பெயரைக் கொடுத்தவள். அவள் தலையிலேயே மூட்டையை ஏற்றிவிட்டால் அடுத்த தடவை பெயர் கொடுக்க ஆளிருக்காது. வைத்தியசாலைத் தாதி ஒருவர் மாதத்தில் ஒருநாள் அதே பிள்ளைக்காம்பராவுக்கு வருவாரா என்று கேளுங்கள். இடமும் தண்ணீரும் மேசையும் அங்கே இருக்கின்றன.

தாய்மார் ஆதரவுக் குழுக்கள் தொடங்கியபோது எனக்கும் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. ஒரு டிவிஷனில் அந்தப் பெண்கள், சம்பள நாளில் கிளினிக் வைக்காதீர்கள் என்று ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. நாளை மாற்றினோம், ஆட்கள் வந்தார்கள். ஒரு சதமும் செலவாகவில்லை. செலவில்லாத கோரிக்கையை முதலில் வையுங்கள். அது நடந்துவிட்டால் அடுத்ததைக் கேட்கும்போது உங்கள் முகம் அவர்களுக்குத் தெரியும்.

அப்புத்தளை அப்பா எழுதியது:

தங்கச்சி, என் மகனுக்குப் பத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்தே பெருமூளை வாதம். பேச்சு வராது, ஆனால் எல்லாம் விளங்கும். மனைவி தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறார். பகலில் மகனுடன் இருப்பது நான். ஆண் ஒருவன் வீட்டில் இருந்து பார்க்கிறான் என்று இங்கே இன்னும் வேடிக்கை பார்க்கிறார்கள், அது கிடக்கட்டும்.

மேலே எழுதியவர்கள் எல்லோரும் உங்களுக்கு நல்ல வழி சொல்லியிருக்கிறார்கள். ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. உங்கள் மாமியாரைக் கேட்டீர்களா? அவருக்கு எது கஷ்டம், அவர் எதை மாற்றச் சொல்கிறார்? பார்த்துக்கொள்பவரின் களைப்பு ஒன்று, படுத்திருப்பவரின் தேவை இன்னொன்று. இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகும், சில இடங்களில் முட்டும். எனக்கு மகனைப் பகலில் ஒரு நிலையத்தில் விட்டால் வசதி. அவனுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. என் வசதியை அவனுடைய விருப்பம் என்று கூட்டத்தில் போய்ச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

இது என் சொந்தத் தத்துவமும் அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. அவர்களைப் பாதிக்கும் முடிவுகளை எடுக்கும்போது அவர்களையே கேட்க வேண்டும் என்று அதன் 4ஆம் உறுப்புரை சொல்கிறது. நமது நாட்டுச் சட்டம் 1996இன் 28ஆம் இலக்கம். முதியோருக்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். முதியோர் சட்டத்தின் வழியாக வந்ததுதான் கிராம மட்டத்து முதியோர் சங்கம். அறுபது தாண்டிய உங்கள் மாமியார் அதில் உறுப்பினராகலாம். அந்தச் சங்கத்துக்குப் பிரதேச மட்டத்திலும் கதிரை உண்டு. இந்தக் கூட்டம் ஒருநாள் நடந்து முடிந்துவிடும், அந்தக் கதிரை அங்கேயே இருக்கும்.

என் மகனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, அவன் கண்ணால் ஆமாம் இல்லை சொல்ல, ஒரு தாள் எழுதினோம். முதலில் அவன் கேட்டது சக்கர நாற்காலிப் பாதை இல்லை, மருந்தும் இல்லை. தூக்குமுன் சொல்லிவிட்டுத் தூக்க வேண்டும். அவ்வளவுதான். வார்டில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கக்கத்தில் கைகொடுத்து மூட்டை தூக்குவதைப் போல் தூக்குகிறார்கள் என்பது அவனுடைய முதல் புகார். நானாக எழுதியிருந்தால் அது கடைசியில்கூட வந்திருக்காது.

கிளாஸ்கோ தலவாக்கலை எழுதியது:

அக்கா, நான் தலவாக்கலைப் பக்கம், இப்போது ஸ்கொட்லாந்தில் தாதியாக இருக்கிறேன். வெளிநாட்டுப் பெருமை பேச வரவில்லை, ஆனால் இரண்டு விஷயங்கள் உங்களுக்குப் பயன்படலாம்.

டிக்கெட் வெட்டிய கதையைப் படித்தபோது இங்கத்தைய சட்டம் நினைவுக்கு வந்தது. 2016இல் நிறைவேறி 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஸ்கொட்லாந்துப் பராமரிப்பாளர் சட்டம். சம்பளமில்லாமல் உறவினரைப் பார்த்துக்கொள்பவர்களுக்காகவே எழுதப்பட்டது. நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன், வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு அறிவித்து, அவர் கருத்தைக் கேட்டு, அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று வைத்தியசாலை நிர்வாகத்துக்கு அது கடமை விதிக்கிறது. நடைமுறையில் எல்லா வார்டிலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். கட்டில் தேவைப்படும் குளிர்காலத்தில் எங்கேயும் அவசரம்தான். ஆனால் நடக்காதபோது காட்டிக் கேட்க ஒரு வரி இருக்கிறது. உங்களிடம் அந்த வரி இல்லை. அதனால் சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஒரு வார்டுக்கு ஒரு வழக்கமாகவே கேளுங்கள்: வீட்டுக்கு அனுப்ப முந்தின நாள், பார்த்துக்கொள்பவரை வார்டுக்குக் கூப்பிட்டு, தாதி முன்னால் நிற்க, அவர் கையாலேயே ஒரு தடவை புரட்டவும் ஊட்டவும் வைப்பது. கால் மணித்தியால வேலை. தாதிக்கும் லாபம், அதே நோயாளி புண்ணோடு திரும்பி வர மாட்டார்.

மற்றது எச்சரிக்கை. இங்கே சுகாதாரத்தையும் சமூக சேவையையும் சேர்த்து நடத்தும் கூட்டுச் சபைகள் இருக்கின்றன, 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தவை. ஒவ்வொன்றிலும் பராமரிப்பாளர்களின் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் பல ஆண்டுகளாக அவருக்கு வாக்கு இருக்கவில்லை. மேசையில் இடம் இருந்தது, பேசலாம், கை உயர்த்தும் நேரத்தில் மாநகர சபை உறுப்பினர்களும் சுகாதார நிர்வாகத்தினரும்தான் உயர்த்தினார்கள். ஆகவே உங்களை ஒரு குழுவில் போடுகிறோம் என்று அன்றைக்கு யாராவது சொன்னால், மகிழ்ந்துவிடாமல் அந்தக் குழு எதை முடிவு செய்யும், அதில் உங்கள் சொல்லுக்கு என்ன நிறை என்று கேட்டுவிடுங்கள்.

கேரளத்தையும் பாருங்கள், நமக்குக் கிட்டத்தட்ட அதே மலை, அதே மழை. வீடுவீடாகப் போகும் வலி தணிப்புச் சேவையை மலப்புறம் பக்கத்தில் ஊர்த் தொண்டர்களும் அயலவர்களும் சேர்ந்துதான் வளர்த்தார்கள். அரசாங்கக் கொள்கை 2008இல் பின்னால் வந்தது. படுக்கை நோயாளரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கும் திட்டமும் அங்கே உண்டு. சின்னத் தொகைதான், ஆனால் நோயாளிக்கல்லாமல் பார்த்துக்கொள்பவருக்கென்று வருகிற பணம்.

மேல் டிவிஷன் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில்களை இரவு மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். கிளாஸ்கோ தங்கையின் பகுதியில் தூங்கிவிட்டார், அப்புத்தளை அண்ணனின் பதிலுக்கு விழித்திருந்தார்.

அண்ணன் சொன்னபடி கேட்டேன். வாய் கோணிப் பேசுவதால் நேரமெடுக்கும், எனக்கு விளங்கும். கதிரையில் தூக்குவதைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. கிளினிக்குக்கு முந்தின நாள் மாலையிலிருந்தே அவர் தண்ணீர் குடிப்பதில்லையாம். போகும் வழியில் மூத்திரம் வந்தால் எங்கே போவது? பஸ் தரிப்பிடத்தில் இடமில்லை. கிளினிக்கில் உள்ள கழிப்பறையில் குந்தித்தான் இருக்க வேண்டும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் கிடையாது. ஆம்பிளைகள் தூக்கி வரும்போது சேலை நனைந்துவிட்டால் என்ன மானம் என்று கேட்டார். காலையில் நான் கொடுக்கும் தேத்தண்ணீரையும் வாயில் வைத்துவிட்டு, நான் திரும்பும் நேரம் பார்த்து வாசல் இஸ்தோப்புக்கு வெளியே ஊற்றிவிடுகிறாராம். இதை எழுதும்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. சிறுநீரில் கிருமி என்று சொல்லி, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் எத்தனையோ தடவை சொன்னார். "சரி ஐயா" என்று தலையாட்டியவர் இவர்தான்.

ஆகவே தாளில் முதல் விஷயம் மாறிவிட்டது. இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"மதிப்புக்குரிய ஐயா, கிளினிக்குக்குத் தூக்கி வரப்படும் நோயாளருக்கு அங்குள்ள ஒரு கழிப்பறையிலாவது உட்காரும் ஆசனமும் சுவரில் பிடிகம்பியும் வைத்துத் தரும்படி கேட்கிறோம். கம்பி பொருத்தும் கூலியை எங்கள் டிவிஷன் இளைஞர்கள் ஏற்றுக்கொள்வார்கள். தூக்கி வரப்படும் நோயாளருக்குக் காலையில் முதல் நம்பர்களை ஒதுக்கினால், அன்று பத்தரைப் பஸ்ஸுக்கே திரும்பிவிடலாம். நோய் நிலை மாறாத மாதங்களில் கிளினிக் கொப்பியுடன் பார்த்துக்கொள்பவர் மட்டும் வந்து, இரண்டு மாத மருந்தை வாங்கிச் செல்ல அனுமதிக்க வேண்டும். இடையில் பிரஷரும் சீனியும் தோட்ட டிஸ்பென்சரியில் பார்த்து அதே கொப்பியில் எழுதிக்கொண்டு வருவோம். 2020இல் மருந்தைத் தபாலில் அனுப்பியது போல இதுவும் முடியும் என்று நம்புகிறோம். வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்ப முந்தின நாள், பார்த்துக்கொள்பவருக்குப் புரட்டுவதையும் ஊட்டுவதையும் செய்து காட்டி, தமிழில் ஒரு தாளும் தரவேண்டும். நுவரெலியா மாவட்டப் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை."

படிக்கட்டை இதில் சேர்க்கவில்லை. மிட்வைஃப் அம்மா சொன்னபடி அதைத் தனித் தாளில் பிரதேச சபைக்கும் துரைக்கும் எழுதுகிறேன். உதவிப்பணத்தையும் விட்டுவிட்டேன், அதைப் பேசத் தொடங்கினால் அந்த அறையில் வேறு எதுவும் காதில் விழாது.

கூட்டத்தைப் பிள்ளைக்காம்பராவில் வைக்க முடியுமா என்று குடும்பநல உத்தியோகத்தர் மூலம் கேட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை முடியாதாம். ஆனால் நேரத்தைப் பத்தரைக்குத் தள்ளியிருக்கிறார்கள். என்னைப் போலவே இன்னும் இரண்டு டிவிஷன்களிலிருந்து கேட்டார்களாம். அடுத்த லயத்து அக்கா அன்றைய வேலைப் பேரை விட்டுவிட்டு மாமியாருடன் இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒருநாள் சம்பளம் போகிறது. கணவர் அதை அனுப்புகிறேன் என்கிறார், அக்கா வாங்க மறுக்கிறார். அந்தச் சண்டை தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற மிட்வைஃப் எழுதியது:

தாள் நன்றாக இருக்கிறது மகள். "கேட்கிறோம்" என்று எழுதியதற்கு ஏற்றபடி மற்ற டிவிஷன்காரர்களின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருவரின் சொந்தப் பிரச்சினை என்று ஒதுக்குவார்கள். டிஸ்பென்சரிக்காரரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். பிரஷர் பார்க்கும் மெஷின் வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள். கழிப்பறையையும் தண்ணீரையும் பற்றிய கதையை வாசிக்க வேண்டாம், வாயால் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த அறையில் பெண் டாக்டர் ஒருவராவது இருப்பார். அவருக்கு விளங்கும். மாமியாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு சொல்லுங்கள்.

மஸ்கெலியா பொடியன் எழுதியது:

அக்கா, சிங்களப் பிரதியை நான் எழுதித் தருகிறேன். பெயர்களை மறைத்துவிட்டுத் தாளைப் படமெடுத்து அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடுவேன். அறையில் மேலே இருப்பவர் எந்த மொழிக்காரர் என்று தெரியாது, இரண்டையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுங்கள். பட்டிஸ் தந்தால் எனக்கும் ஒன்று எடுத்து வையுங்கள்.

மேல் டிவிஷன் மருமகள் எழுதியது:

அனுப்புகிறேன் தம்பி. மாமியார் சொல்லலாம் என்றார், "என் பெயரைச் சொல்லாதே, மேல் டிவிஷன் கிழவி என்று சொல்" என்றும் சொன்னார். கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டேன். டிஸ்பென்சரி மெஷின் வேலை செய்கிறது, பற்றரியை நாங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டுமாம்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். "இரண்டு மாத மருந்து" என்ற இடத்தில் மாத்திரைகள் என்று மட்டும் போடுங்கள். இன்சுலினைச் சேர்க்காதீர்கள். திறக்காத போத்தலைக் குளிரில் வைக்க வேண்டும், எங்கள் லயத்தில் ஃபிரிட்ஜ் இருப்பது கடைசிக் காம்பரா அண்ணன் வீட்டில் மட்டும். ஒரு மாதப் போத்தலுக்கே அண்ணி மீன் பெட்டியைத் தள்ளி இடம் பண்ணிக் கொடுக்கிறார். இன்சுலினுக்கு மட்டும் மாதாமாதம் நானே போய் வருகிறேன்.